வடக்கே திரும்பும் பறவைகள்: வாசகர் கேள்வி – பதில்

வசந்த கால வலசையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு, அந்தப் பறவைகளை ஒளிப்படம் எடுப்பது குறித்துப் பலர் கடிதம் எழுதியிருந்தார்கள். ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். குளிர்காலத்தைத் தெற்கே கழித்த பறவைகள், மார்ச் தொடக்கத்திலிருந்து மே இறுதிக்குள் இனப்பெருக்கத்துக்காக வடக்கே திரும்பும் பயணத்தையே வசந்த கால வலசை என்கிறோம்.

கேள்வி: இலையுதிர் காலத்திலும் பறவைகள் வலசை போகத்தானே செய்கின்றன? ஒளிப்படக்காரர்கள் வசந்த காலத்துக்காக மட்டும் ஏன் இப்படிக் காத்துக் கிடக்கிறார்கள்?

பதில்: தலைக்கணக்கை மட்டும் பார்த்தால் இலையுதிர் காலம்தான் பெரிது. அந்த ஆண்டு பொரித்த இளம்பறவைகளும் கூட்டத்தில் சேர்ந்துகொள்வதே அதற்குக் காரணம். ஆனால் அப்போது பெரும்பாலான பறவைகள் மங்கிய உடையில் இருக்கும். பாடாமல், இலைகளுக்குள் ஒதுங்கி, ஓசையில்லாமல் கடந்து போகும். வசந்த காலத்தில் அதே பறவைகள் இனப்பெருக்கக் காலச் சிறகுகளை அணிந்து வருகின்றன. குளிர்காலம் முழுவதும் சேற்று நிறத்தில் திரிந்த பட்டைவால் மூக்கன் என்ற நீண்ட அலகுள்ள கரைப்பறவை, ஏப்ரலில் செங்கல் நிற மார்போடு நிற்பதைப் பார்த்தால் வேறு இனமோ என்று ஐயம் வந்துவிடும். சாம்பல் உப்புக்கொத்தியின் முகமும் வயிறும் கரியைப் பூசினாற்போல் கறுத்திருக்கும்.

அதோடு, வடக்கே நல்ல இடத்தைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம் ஆண் பறவைகளுக்கு உண்டு. பல இனங்களில் ஆண்கள் பெண்களுக்குச் சில நாள்கள் முன்னதாகவே வந்துசேரும்; வழியில் தங்கும் இடங்களிலேயே பாடவும் தொடங்கிவிடும். பாடும் பறவை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மிதவெப்பக் காடுகளில் ஏப்ரல் பிற்பகுதி வரை இலைகள் முழுதாக விரிந்திருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மூன்று வாரங்களைத் தவறவிட்டால், பறவை இருந்தாலும் அதை இலைகள் மறைத்துவிடும்.

கேள்வி: ஒரே தோப்புக்கு மூன்று நாள் தொடர்ந்து போனேன். முதல் நாள் ஒன்றுமே இல்லை. இரண்டாம் நாள் மரத்துக்கு மரம் பறவைகள். மூன்றாம் நாள் மீண்டும் வெறுமை. இதை முன்கூட்டியே கணிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. வந்திருந்த கடிதங்களில் மிகவும் பயனுள்ள கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். ஏனென்றால், கேமராவில் எத்தனை மாற்றங்கள் செய்தாலும் சரியான காலையைத் தேர்ந்தெடுப்பதற்கு அவை ஈடாகா.

கதிர்க்குருவிகள், ஈப்பிடிப்பான்கள், பாடும் சிறு பறவைகளில் பெரும்பாலானவை, இரவில்தான் வலசை பறக்கின்றன. சூரியன் மறைந்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பி, விடியும் வேளையில் இறங்கி, பகலெல்லாம் இரை தேடி, மீண்டும் ஓர் இரவு பறக்கின்றன. எனவே நாளைக் காலை உங்கள் தோப்பில் என்ன இருக்கும் என்பதை இன்று இரவின் காற்றே முடிவு செய்கிறது. வடக்கு நோக்கிப் போகும் பறவைக்குத் தெற்கிலிருந்து வீசும் மிதமான வெதுவெதுப்பான காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும் கை போன்றது. அப்படிப்பட்ட இரவில் ஏராளமான பறவைகள் கிளம்பிவிடும். வானம் தெளிவாகவும் காற்று சாதகமாகவும் விடியும்வரை நீடித்தால், அவை உங்கள் தோப்புக்கு மேலாகவே பறந்து போய்விடக்கூடும். நள்ளிரவுக்குப் பிறகு மழையோ எதிர்க்காற்றோ குறுக்கிட்டால்தான் இருக்கும் இடத்தில் இறங்குகின்றன. உங்கள் இரண்டாம் நாள் அப்படிப்பட்ட நாளாக இருந்திருக்கலாம். அன்று இரவே வானம் தெளிந்து, வந்தவை கிளம்பிப் போயிருக்கும்.

இதன் உச்சகட்டத்தைக் கடற்கரைகளில் காணலாம். மெக்சிகோ வளைகுடாவைக் கடக்கும் சிறு பறவைகள், மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்திலிருந்து மாலையில் புறப்பட்டு, ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீர்ப்பரப்பைத் தாண்டி, மறுநாள்தான் வட கரையை அடைகின்றன. அதனால் டெக்சாஸின் ஹை ஐலண்ட் போன்ற இடங்களில் பறவைகள் வந்திறங்கும் நேரம் பெரும்பாலும் நண்பகலுக்குப் பிறகுதான். விடியற்காலையில் போய் நின்றவர்கள் ஏமாந்து திரும்பியதும் உண்டு. ஏரிகளிலும் இதே கதைதான். அமெரிக்க–கனடா எல்லையில் இருக்கும் ஈரி ஏரியின் தென்கரையில் உள்ள மேகி மார்ஷ் சதுப்பு நிலத்தில், ஏரியைக் கடக்கும் முன் பறவைகள் தயங்கி நின்று வயிற்றை நிரப்பிக்கொள்கின்றன. வடகரையிலிருந்து நீருக்குள் நீண்டிருக்கும் பாயின்ட் பெலீ முனையில், கடந்து வந்தவை கண்ணில் பட்ட முதல் நிலத்தில் இறங்குகின்றன. ஒரு நீர்ப்பரப்பின் எந்தக் கரையில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, நீங்கள் படம் எடுப்பது புறப்படக் காத்திருக்கும் பறவையா, களைத்து வந்து விழுந்த பறவையா என்பது மாறுகிறது.

அமெரிக்காவில் கார்னெல் பறவையியல் ஆய்வகம் பங்கேற்கும் ‘பேர்ட்காஸ்ட்’ திட்டம், வானிலை ரேடார்களில் பதியும் பறவைக் கூட்டங்களைக் கொண்டு அடுத்த மூன்று இரவுகளின் வலசைக்கு முன்கணிப்பு தருகிறது. அத்தகைய வசதி இல்லாத இடங்களில் காற்றின் திசையையும் மழை முன்னறிவிப்பையும் பார்த்தாலே பாதி வேலை முடிந்ததுபோல்தான். காற்று, மழை, பார்த்த பறவைகள் என்று நாள்தோறும் ஒரு வரி குறித்து வாருங்கள். இரண்டு பருவங்கள் கழிந்தால், உங்கள் தோப்புக்கு அதைவிடப் பொருத்தமான கணிப்பு வேறெங்கும் கிடைக்காது.

கேள்வி: என்னிடம் 70–300 மி.மீ. லென்ஸ் மட்டுமே உள்ளது. 600 மி.மீ. வாங்காமல் பறவைப் படத்தில் இறங்குவது வீண் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: நண்பர் சொல்வதில் பாதி உண்மை. மி.மீ. எண் கூடக் கூட லென்ஸ் பறவையைப் பெரிதாகக் காட்டும். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். தலை முதல் வால் வரை 12 சென்டிமீட்டர் உள்ள கதிர்க்குருவி 6 மீட்டர் தொலைவில் அமர்ந்திருக்கிறது. 300 மி.மீ. லென்ஸில் அதன் உருவம் சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் தகட்டில்) ஏறக்குறைய 6 மி.மீ. நீளத்துக்கு விழும். முழு அளவு சென்சாரின் உயரம் 24 மி.மீ.; அதாவது உருவம் அதில் கால் பங்கு. சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் ஏறக்குறைய 16 மி.மீ. என்பதால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல். 600 மி.மீ. இருந்தால் இரு மடங்காகும். ஆனால் பறவை 3 மீட்டருக்கு வந்துவிட்டால் உங்கள் 300-உம் அதையே தரும். வலசை வந்து இறங்கிய பறவை, அசையாமல் உட்கார்ந்திருக்கும் மனிதரை நோக்கி மூன்று நான்கு மீட்டர் வரை இரை பொறுக்கிக்கொண்டே வருவது அரிய காட்சி அன்று.

பெரிய பறவைகளுக்கு இந்தக் கவலையே வேண்டாம். நெப்ராஸ்காவின் பிளாட் ஆற்றில் ஒவ்வொரு மார்ச் மாதமும் லட்சக்கணக்கான சாண்ட்ஹில் கொக்குகள் இரவு தங்குகின்றன; அங்கே 600 மி.மீ. வைத்திருப்பவர் ஒரு கொக்கை எடுப்பார், 70 மி.மீ. வைத்திருப்பவர் ஆற்றையே எடுப்பார். எனக்குப் பிடித்தது இரண்டாமவரின் படம்.

வாங்கியே தீர வேண்டுமென்றால், கையில் தூக்கி இரண்டு மணி நேரம் நடக்க முடிகிற 100–400 அல்லது 150–600 வகை ஜூம் லென்ஸே வலசைக் காலத்துக்கு ஏற்றது. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே பொருத்தி உருவத்தைப் பெரிதாக்கும் டெலிகன்வெர்ட்டரைப் பற்றி ஒரு வார்த்தை: 1.4 மடங்குக் கருவி ஒரு ஸ்டாப் (அதாவது பாதி) ஒளியையும், 2 மடங்குக் கருவி இரண்டு ஸ்டாப் (முக்கால் பங்கு) ஒளியையும் தின்றுவிடும். விடியற்காலைக் காட்டில் அவ்வளவு ஒளியை யாரும் தானம் செய்ய முடியாது.

கேள்வி: இலைகளுக்கு நடுவே துள்ளும் சிறு பறவைகளை எடுக்கும்போது ஃபோகஸ் எப்போதும் முன்னால் உள்ள கிளையிலேயே நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: இப்போதைய மிரர்லெஸ் கேமராக்களில் பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வசதி இருக்கிறது, திறந்த கிளையில் அது அற்புதமாக வேலை செய்யும். நெருக்கமான புதருக்குள் அதையே நம்பியிருந்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். ஃபோகஸ் பரப்பை ஒற்றைப் புள்ளிக்குச் சுருக்கி, பறவை இருக்கும் தொலைவிலேயே உள்ள வேறொரு கிளையில் முதலில் ஃபோகஸை வைத்துக்கொண்டு, பிறகு பறவைக்கு நகருங்கள். லென்ஸ் தூரத்துக்கும் அருகுக்குமாக ஓடித் திண்டாடுவது குறையும்.

லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும், எந்தத் தொலைவுக்குள் ஃபோகஸைத் தேட வேண்டும் என்று வரையறுக்கும் ஃபோகஸ் வரம்பு விசையைக் காலையில் ஒரு முறை பாருங்கள். நான் பார்க்காமல் போன காலை இன்னும் நினைவிருக்கிறது. முந்தைய நாள் கடலோரத்தில் ‘6 மீட்டருக்கு அப்பால்’ என்று வைத்த விசை அப்படியே இருந்தது. மஞ்சள் வாலாட்டி ஒன்று நான்கு மீட்டர் தொலைவில், பனி கோத்த புல்நுனியில் ஏறி நின்று, அலகில் ஒரு பூச்சியை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. லென்ஸ் முன்னும் பின்னும் ஓடியது. நான் லென்ஸைத் திட்டினேன், மின்கலத்தை மாற்றினேன். வாலாட்டி பூச்சியை விழுங்கி, வாலை இரண்டு முறை ஆட்டிவிட்டுப் பறந்துவிட்டது. விசை கண்ணில் பட்டது அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று: கதிர்க்குருவியைத் துரத்தாதீர்கள். அது ஒரு கிளையின் அடியில் தொடங்கி நுனிவரை இலை இலையாகப் பார்த்துக்கொண்டு போகும். நுனிக்கு வந்ததும் அடுத்த கிளைக்குத் தாவும். எந்தத் திசையில் போகிறது என்று அரை நிமிடம் வெறும் கண்ணால் பார்த்துவிட்டு, இலை குறைந்த ஓர் இடைவெளியில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். குளிர்ந்த காலைகளில் பூச்சிகள் வெயில் முதலில் படும், காற்று படாத விளிம்புகளில்தான் அசையத் தொடங்கும். பறவைகளும் அங்கேதான் வரும். பூத்திருக்கும் வில்லோ மரம் ஒன்று அத்தகைய விளிம்பில் இருந்தால் அன்றைய காலையை அதற்கே கொடுத்துவிடலாம்.

ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்குக் கீழே இறக்க வேண்டாம். ஐஎஸ்ஓவை (சென்சார் ஒளியை உணரும் அளவைக் குறிக்கும் எண்ணை) தானியங்கியில் விடுங்கள். 3200, 6400 என்று ஏறினால் ஏறட்டும். மணல்மணலாகத் தெரியும் படத்தைப் பிறகு ஓரளவு சீர்செய்யலாம். அசைந்து கலங்கிய படத்துக்கு மருந்து இல்லை.

கேள்வி: பறக்கும் பறவைகளை எடுத்தால் வானம் நன்றாக வருகிறது, பறவை கரிக்கட்டையாக வருகிறது. சிறகும் தெளிவாக இல்லை.

பதில்: இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள். வெளுத்த வானம் கேமராவை ஏமாற்றுகிறது. மொத்தப் படமும் வெளிச்சமாக இருப்பதாக எண்ணி அது ஒளியைக் குறைக்கிறது. எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) ஒன்று முதல் ஒன்றே முக்கால் ஸ்டாப் வரை கூட்டுங்கள். வானம் வெளுத்துப் போனால் போகட்டும், சிறகடியில் உள்ள வரிகள் தெரிய வேண்டும். வெயிலில், கருத்த நீர்ப்பரப்பின் முன்னால் பறக்கும் வெண்கொக்குக்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைக்காவிட்டால் வெண்சிறகு வெறும் காகிதமாகிவிடும்.

சிறகுத் தெளிவுக்கு 1/2000 நொடி குறைந்தபட்சம். தகைவிலானுக்கு 1/3200கூடப் போதாமல் போகலாம். நாரை, கழுகு போல் மிதந்து செல்பவற்றுக்கு 1/1000 தாராளம். ஓசையில்லாத மின்னணு ஷட்டரில் எடுக்கும்போது, சென்சாரை மெதுவாகப் படிக்கும் கேமராக்களில் வேகமாக அடிக்கும் சிறகு வளைந்து கோணலாகப் பதியும். அப்போது இயந்திர ஷட்டருக்கு மாறிவிடுங்கள்.

நிற்கும் இடமும் முக்கியம். பறவைகள் எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்கொண்டே நிற்கும். வெயிலும் காற்றும் உங்கள் முதுகில் படும்படி நின்றால், இறங்கும் பறவை முகத்தில் ஒளியோடு உங்களை நோக்கி வரும். இரண்டும் ஒரே திசையில் அமையாத நாள்களில் நான் காற்றுக்கே முதலிடம் தருவேன். வால்பக்கம் மட்டும் ஒளியில் மின்னும் படங்கள் என்னிடம் ஏற்கெனவே போதிய அளவு இருக்கின்றன.

கேள்வி: கடலோரச் சேற்றில் இரை தேடும் உள்ளான் கூட்டத்தை நெருங்கினால் ஐம்பது மீட்டரிலேயே எழும்பிவிடுகின்றன. மறைந்து மறைந்து போவதற்கு நல்ல உத்தி ஏதும் உண்டா?

பதில்: நீங்கள் போகாமல் அவற்றை வரவைப்பதே உத்தி. ஓதம் (கடல்நீர் மட்டம்) ஏறும் நேரத்தை அட்டவணையில் பாருங்கள். நீர் ஏற ஏறச் சேற்றுத்திட்டு சுருங்கும். பறவைகள் கரையை நோக்கி நகர்ந்துகொண்டே வரும். ஓதம் உச்சம் தொடுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே, பறவைகள் தொலைவில் இருக்கும்போதே, கரையோரத்தில் தாழ்வாகப் படுத்துவிடுங்கள். டிரைபாட் வேண்டாம், மணல் அல்லது தானியம் அடைத்த ஒரு பையில் லென்ஸைச் சாய்த்துக்கொண்டால் போதும். கேமரா பறவையின் கண்மட்டத்துக்கு இறங்கியவுடன், பின்னணிச் சேறு முழுவதும் மென்மையான நிறத்திரையாகக் கரைந்துவிடும். நின்றுகொண்டு எடுத்த படத்தையும் படுத்துக்கொண்டு எடுத்த படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், துணி அழுக்காவதைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். நீர் உச்சத்தை எட்டியதும் அவை ஒரு மேட்டில் ஒடுங்கி உறங்கும். அந்த மேட்டுக்கு அருகே போகவே கூடாது. நீர் வடியத் தொடங்கி அவை மீண்டும் சேற்றுக்குப் பரவிய பிறகே நீங்கள் எழுந்திருக்க வேண்டும்.

எழும்பிய பறவை எங்கோ போய் இறங்கிக்கொள்கிறது, அதனால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. பட்டைவால் மூக்கன் நியூசிலாந்திலிருந்து சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடைப்பட்ட மஞ்சள் கடல் கரை வரை ஏறத்தாழ 10,000 கிலோமீட்டரை இடையில் எங்கும் நிற்காமல் பறந்து வருகிறது. கிளம்பும் முன் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. பயணத்தில் தேவைப்படாத செரிமான உறுப்புகளைச் சுருக்கிக்கொள்கிறது. வந்து இறங்கிய பிறகு அந்த உறுப்புகளை மீட்டு, கொழுப்பை மறுபடி ஏற்றி, அலாஸ்காவுக்கு இன்னும் 6,000 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவுக்கு மே மாதத்தில் வரும் ரெட் நாட் என்னும் உள்ளான் இனம், குதிரைலாட நண்டுகளின் முட்டைகளைத் தின்று ஏறத்தாழ இரண்டு வாரத்தில் உடல் எடையைக் கிட்டத்தட்ட இரு மடங்காக்க வேண்டியிருக்கிறது. வட அமெரிக்க ஆர்க்டிக்கில் முட்டையிடும் அதன் ரூஃபா என்ற உள்ளினம் 2014இல் அமெரிக்காவில் அச்சுறுத்தலுக்கு உள்ளானதாகப் பட்டியலிடப்பட்டது. நாம் ஒரு முறை எழுப்பிவிட்டால், அது இரை தின்னும் நேரமும் போகிறது, தின்று சேர்த்த கொழுப்பிலும் ஒரு பங்கு எரிகிறது. ஒரு கடற்கரைக்கு நாளுக்கு முப்பது பேர் வந்து ஆளுக்கு ஒரு முறை எழுப்பினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பறவை நம்மைப் பொறுத்துக்கொள்கிறதா என்பதை அதன் உடலே சொல்லும். இரை பொறுக்குவதை நிறுத்திக் கழுத்தை உயர்த்துவது முதல் அறிகுறி. அடுத்து எல்லாமே ஒரே திசையில் நகரத் தொடங்கும், ஒன்றிரண்டு சிறகை உயர்த்திப் பார்க்கும், எச்சமிடும், எச்சரிக்கைக் குரல் எழும். கழுத்து உயர்ந்த உடனேயே அசையாமல் நின்று, அது மீண்டும் குனிந்து கொத்தத் தொடங்கும்வரை காத்திருங்கள். தொடங்காவிட்டால் வந்த வழியே பின்வாங்க வேண்டியதுதான்.

மறைவிடம் கட்டிக்கொள்வதில் தவறில்லை. 1892இல் முட்டைகளோடு ஒரு கூட்டைப் படமெடுத்த இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள், பின்னாளில் பாடம் செய்த ஒரு மாட்டின் வயிற்றுக்குள் ஒளிந்துகொண்டு பறவைகளை எடுத்தார்கள். நமக்கு ஒரு பழுப்பு நிறத் துணிக்கூடாரம் போதும். ஆனால் அதற்குள் பறவைகள் வருமுன்னே நுழைந்து, அவை போன பிறகே வெளியேற வேண்டும் என்ற விதி அந்த மாட்டுக்கும் பொருந்தும், கூடாரத்துக்கும் பொருந்தும்.

கேள்வி: கைப்பேசியில் பறவையின் பாட்டை ஒலிக்கவிட்டால் அது உடனே அருகே வருகிறது. இதில் தவறு உண்டா?

பதில்: உண்டு. அந்தப் பறவை தன் இடத்துக்குள் போட்டியாளன் நுழைந்துவிட்டான் என்று எண்ணிச் சண்டைக்கு வருகிறது. இரை தின்ன வேண்டிய காலைப்பொழுதை இல்லாத எதிரியைத் தேடுவதில் செலவிடுகிறது. படத்திலும் அது தெரியும்: இறகு சிலிர்த்து, உடல் விறைத்த பறவைதான் கிடைக்கும். பல காப்பகங்கள் இதைத் தடை செய்திருக்கின்றன.

கேள்வி: ஃபிளாஷ் பயன்படுத்தலாமா? டிரோன்?

பதில்: பகலில் தேவையில்லை, இரவில், குறிப்பாக ஆந்தைகளிடம், கூடாது. டிரோன் பறவைகளின் கண்ணுக்கு வேட்டைப் பறவையாகவே தெரியும் என்பதால், கூட்டமாகத் தங்கும் இடங்களின் பக்கமே அதைக் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: விலை உயர்ந்த லென்ஸ், வேகமான ஷட்டர், நல்ல வெயில். ஆனாலும் முற்பகல் பத்து மணிக்கு மேல் எடுத்த படங்கள் எல்லாமே நீருக்கடியில் எடுத்ததுபோல் நெளிகின்றன. லென்ஸில் பழுதா?

பதில்: லென்ஸில் பழுது இல்லை, காற்றில்தான். வெயிலில் சூடேறிய தரையிலிருந்து எழும் வெப்பக்காற்றும் மேலே உள்ள குளிர்ந்த காற்றும் கலந்து, ஒளியை இப்படியும் அப்படியும் வளைக்கின்றன. வசந்த காலத்தில் தரை வேகமாகச் சூடாகி, காற்று இன்னும் குளிர்ந்திருப்பதால் இந்தக் கானல் கடுமையாக இருக்கும். எவ்வளவு தூரத்துக்கு ஊடாகப் பார்க்கிறீர்களோ அவ்வளவுக்கு அது கூடும். நீண்ட லென்ஸ் அதையும் சேர்த்தே பெரிதாக்கிக் காட்டும். எந்த மென்பொருளாலும் இதைச் சரிசெய்ய முடியாது. தொலைவைக் குறைக்கலாம், மேகமூட்டத்துக்குக் காத்திருக்கலாம், அல்லது சூரியன் உதித்த முதல் இரண்டு மணி நேரத்திலேயே வேலையை முடித்துக்கொள்ளலாம்.

காரை மறைவிடமாகப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹீட்டர் போட்டுச் சூடான வண்டியின் கண்ணாடியை இறக்கி, லென்ஸை உள்ளேயே வைத்து எடுத்தால், உள்ளிருந்து வெளியேறும் வெப்பக்காற்றே இந்தக் கானலைக் கிளப்பும். குளிரைப் பொறுத்துக்கொண்டு, எல்லாக் கண்ணாடிகளையும் சற்று நேரம் திறந்து வைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். எஞ்சினும் நின்றிருக்க வேண்டும்.

கேள்வி: நான் எடுத்த மூக்கன் படத்தைப் பெரிதாக்கியபோது காலில் நிறக்கொடி ஒன்றும் அதில் எழுத்துகளும் தெரிந்தன. அதை மென்பொருளில் அழித்துவிடலாமா? படத்தின் அழகைக் கெடுக்கிறது.

பதில்: தயவுசெய்து அழிக்காதீர்கள். அந்தக் கொடியின் நிறம் அது எந்த நாட்டில், எந்தப் பகுதியில் கட்டப்பட்டது என்பதைக் காட்டும். எழுத்துகள் அந்த ஒரு பறவைக்கே உரியவை. பறவையைப் பிடிக்காமலேயே அதன் பயணத்தில் ஒரு புள்ளியை உங்கள் படம் நிரப்புகிறது. இரு கால்களும் தெரியும் படங்களாக மூன்று நான்கைத் தேர்ந்து, நாள், நேரம், இடம் ஆகியவற்றோடு பறவைகளின் காலில் வளையமும் கொடியும் இட்டு அவற்றின் பயணத்தை ஆராயும் உங்கள் நாட்டின் பறவை வளையத் திட்டத்துக்கு அனுப்புங்கள். பெரும்பாலும், அந்தப் பறவையை முதலில் பிடித்தது எங்கே, பிறகு யார் யார் எங்கெங்கே பார்த்தார்கள் என்ற விவரம் உங்களுக்குத் திரும்பி வரும்.

பொதுவாகவே ஒன்றைச் சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் நான் எதிரானவன். வெட்டிச் சுருக்குவது, ஒளியைக் கூட்டிக் குறைப்பது, மணல்மணலாகத் தெரியும் இரைச்சலை நீக்குவது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் கூடு கட்டியிருக்கும் அல்லது அரிதான பறவையின் படத்தை வெளியிடும்போது, கோப்பில் தானாகப் பதிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்கியே ஆக வேண்டும். படத்தைப் பார்த்து மறுநாளே அங்கே ஒரு கூட்டம் திரண்டுவிடும்.

கேள்வி: இரவில்தான் பறக்கின்றன என்கிறீர்கள். அந்தப் பயணத்தையே படம் எடுக்க முடியாதா?

பதில்: முடியும், நிலா இருந்தால். 1940களில் அமெரிக்கப் பறவையியலாளர் ஜார்ஜ் லோவரி, சிறு தொலைநோக்கி வழியாக முழுநிலவைப் பார்த்துக்கொண்டே, அதன் குறுக்கே கடக்கும் பறவை நிழல்களை எண்ணி இரவு வலசையின் அளவைக் கணக்கிட்டார். அதையே லென்ஸ் வைத்துச் செய்யலாம். 600 மி.மீ. லென்ஸில் நிலாவின் வட்டம் சென்சாரில் ஐந்தரை மி.மீ. அளவுக்கு விழும். பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாள்களில், பின்காற்று வீசும் தெளிந்த இரவொன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். டிரைபாட் கட்டாயம். நிலாவின் விளிம்பில் கையால் ஃபோகஸ் செய்து, தானியங்கியை அணைத்துவிடுங்கள். நிலா பகல் வெயிலில் கிடக்கும் பாறை என்பதை மறந்துவிட வேண்டாம்; இரவு என்பதற்காக ஷட்டரை மெதுவாக்கத் தேவையே இல்லை. லென்ஸ் துளை எஃப் 6.3, ஐஎஸ்ஓ 800 என்றால் 1/1600 முதல் 1/2000 நொடி வரை போகலாம்.

ஒரு பறவை நிலாவைக் கடக்க ஒரு நொடிகூட ஆகாமல் போகலாம். பார்த்த பிறகு பொத்தானை அழுத்தினால் வெறும் நிலாதான் மிஞ்சும். அதனால் அழுத்துவதற்கு முந்தைய நொடிகளையும் சேமிக்கும் வசதி கேமராவில் இருந்தால் அதை இயக்கி வையுங்கள். இல்லாவிட்டால் வீடியோவாகப் பதிந்து, காலையில் பொறுமையாகத் தேடலாம். சூரியன் மறைந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கினால் வானில் பறவைகள் நிறைந்திருக்கும். நிலா நகர்ந்துகொண்டே இருப்பதால், சில நிமிடங்களுக்கு ஒரு முறை டிரைபாட்டைச் சற்றே திருப்பி, அதைச் சட்டகத்தின் நடுவுக்குக் கொண்டுவந்துகொண்டே இருக்க வேண்டும். எந்த இனம் என்று நிழலைக் கொண்டு சொல்வது பெரும்பாலும் இயலாது. சிறகடிப்பின் விதத்தையும், நிழல் நிலாவின் எந்த விளிம்பில் நுழைந்து எந்த விளிம்பில் வெளியேறியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.